வாவியின் இரு கரைகளும் கல்வியும்

மட்டக்களப்பு வாவி அந்நாட்டை இரு கூறாக வகுத்து நிற்கின்றது. கடலை அடுத்த கிழக்குப் பக்கம் எழுவான்கரை. நெல்வயல்கள் பரந்த மேற்குப் பக்கம் படுவான்கரை. தனியார் பாடசாலை சிறந்ததா, அரசினர் பாடசாலை சிறந்ததா என்னும் வினாவை இங்கு ஆராயப் புகுவோர், பாடசாலையை நடத்தியவர் யார் என்பதோடு, அது எக்கரையில் அமைந்தது என்பதனையும் நோக்குதல் வேண்டும்.

1814ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மறுவருடமே காலமானார். எனினும் அவர் இட்ட வித்து மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்தது. 1873இல் கத்தோலிக்கர் புனித மிக்கேல் கல்லூரியைத் தோற்றுவித்தனர். அங்கே பயின்றவர்களுள் ஒருவரான சுவாமி விபுலானந்தர், 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். புளியந்தீவையும் கல்லடியையும் இணைக்கும் பாலம் 1924இலேயே அமைந்துவிட்டது. ஆகவே இம்மூன்றும் நகரத்தையும் அதன் அயலையும் சார்ந்தே வளர்ந்தன.

அக்காலத்தில் ஆங்கிலக் கல்வியே அரசாங்க உத்தியோகத்தின் திறவுகோலாயிருந்தது. அதனை வழங்கிய பாடசாலைகள் பெரும்பாலும் கட்டணம் பெற்றன. கிராமப் பாடசாலைகளோ தமிழில் ஆரம்பக் கல்வியை இலவசமாக அளித்து, அவ்வளவில் அமைந்தன. எனினும் தனியார் பாடசாலைகள் எனப்பட்டவற்றுள் பல அரசாங்க நன்கொடையையும் பெற்றே நடந்தன என்பது மறத்தற்குரியதன்று. பொதுப்பணம் அங்கும் சென்றது. ஏழைக் கமக்காரனின் பிள்ளை செல்வதுதான் அரிதாயிருந்தது.

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி மந்திரியாயிருந்த காலத்தில், 1945இல், இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நகரத்துக்கு வெளியே விடுதியும் ஆய்வுகூடமும் கொண்ட மத்திய பாடசாலைகளை அமைத்து, கெட்டிக்காரக் கிராமப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் வழங்குவது அவர்தம் திட்டம். அத்தகைய பாடசாலையொன்று வந்தாறுமூலையில் எழுந்தது. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி அவ்விடத்திலேயே தொடங்கிற்று. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. அரசினர் பாடசாலை தரத்தில் தாழ்ந்தது என்போருக்கு அம்மண்ணே விடையாகும்.

1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகள் பெரும்பாலும் அரசின் வசமாயின. கையேற்பை ஆதரித்தோர் சமயப் பாகுபாடு நீங்குமென்றனர். எதிர்த்தோர், முகாமையாளரின் நேரடி அக்கறையும் பாடசாலையின் தனிப்பண்பும் அழியுமென அஞ்சினர். இரு கூற்றிலும் உண்மையுண்டு. ஆயினும் உடைமை மாறியதனால் வாவியின் அகலம் குறையவில்லை. படுவான்கரை மாணவர் உயர்வகுப்புகளை நாடித் தோணியிலும் ‘பாதை’ எனப்படும் மிதவையிலும் கடக்க வேண்டியிருந்தது. மண்முனைத்துறையில் பாலம் திறக்கப்பட்டது 2014இலேதான். அதற்கு முன் நெடிய போர்க்காலமும் கடந்து சென்றது.

நல்ல ஆசிரியர், ஆய்வுகூடம், நூல்கள், பிள்ளை நாள்தோறும் சென்றடையத்தக்க தூரம் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த இடத்தில் தனியார் பாடசாலையும் சிறந்தது. அரசினர் பாடசாலையும் சிறந்தது. அவை எழுவான்கரைக்குக் கிட்டியது போலப் படுவான்கரைக்கும் கிட்டச் செய்வதே, பொதுக்கல்வி என்னும் பெயருக்கு உரிய கடனாகும்.