ஓரணாச் சிற்றுண்டி முதல் காலை உணவு வரை

ஒரு நற்பணியைத் தொடங்குதல் எளிது. ஆண்டுதோறும் அதன் குறை கண்டு செப்பனிட்டு வளர்த்தலே அரிது. சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியாரின் பெயரோடு இணைத்துப் பேசப்பெறும் நம் ஊரில், வெள்ளி விழாக் காணும் கல்விச் சங்கத்தார் இவ்வுண்மையைச் சிந்தித்தல் நலம். பள்ளி உணவின் வரலாறே இதற்குத் தக்க சான்றாகும்.

பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த காலத்தில், 1920-ஆம் ஆண்டு, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானம் நிறைவேறியது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. 1922-23-இல் 811 ஆக இருந்த இவ்வைந்து பள்ளிகளின் மாணவர் தொகை 1924-25-இல் 1,671 ஆக உயர்ந்தது. ஆயினும், தொடக்கக் கல்வி நிதியில் இச்செலவைச் சேர்க்க ஆங்கில அரசு இசையாமையால், 1925 ஏப்ரலில் திட்டம் நின்றது. பயன் கண்கூடாக இருந்தும் நிதிக்கு உறுதி இல்லை. முதற் குறை அதுவே.

1956-இல் முதலமைச்சர் காமராசர் மக்களின் கொடையைத் துணைகொண்டு மதிய உணவைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அரசின் மானியமும் சேர்ந்தது. எனினும், ஊராரின் கொடையையும் ஓரளவு நம்பியே உலை கொதிக்க வேண்டியிருந்தது. 1982 ஜூலை 1-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என ஊதியம் பெறுவோரை மையந்தோறும் அமர்த்தியது. முதலில் சிற்றூர்களுக்கும், செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984-இல் பதினைந்து வயது வரையுள்ள மாணவர்க்கும் அது பரவியது. சோறும் குழம்பும் மட்டும் போதா எனக் கண்டு, 1989-இல் கலைஞர் ஆட்சியில் இரு வாரத்திற்கு ஒரு முட்டை சேர்க்கப்பட்டது. 2010-இல் அது வாரத்திற்கு ஐந்தாயிற்று. காலையில் பசியோடு வரும் பிள்ளைகளுக்காக 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது.

ஆட்சிகள் மாறின; கட்சிகள் மாறின. ஆயினும், முன்னவர் கட்டியதை இடிக்காமல் அதன்மேல் ஒரு வரிசைக் கல் ஏற்றினர். வளர்ச்சியின் இரகசியம் இதுவே.

அத்தட்டில் உண்டு கற்று உயர்ந்தோர் நம்மவருள் எத்துணையோ பேர். ஆனால் எல்லாக் குறையும் தீர்ந்துவிடவில்லை. 2004-இல் உச்ச நீதிமன்றம், சமையலர் நியமனத்தில் தலித் மக்களுக்கு முன்னுரிமை அளிக்குமாறு ஆணையிட்டது. அதன் பின்னரும், 2018-இல் திருப்பூர் மாவட்டத்து அரசுப் பள்ளி ஒன்றில், நம்மவராகிய சமையலர் அம்மையார் ஒருவர், சாதியினரின் எதிர்ப்பால் வேறிடம் மாற்றப்பட்டார். கண்டனம் எழுந்த பின்னரே அம்மாற்றம் கைவிடப்பட்டது. பசியைத் தீர்க்கும் உலையைச் சாதியும் தொடராதபடி காத்தல் இனிமேல் ஆகவேண்டிய திருத்தம்.

இளைஞர்களே! நம் சங்கமும் இவ்வழியே நடத்தல் வேண்டும். ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு மட்டும் படிக்கப்படுதல் போதாது. இவ்வாண்டு படிப்பைத் தொடர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர், இடையில் நின்றவர் யாவர், நின்றமைக்குக் காரணம் யாது என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதி வைப்போம். அடுத்த ஆண்டு அவற்றுள் ஒரு குறையையேனும் தீர்ப்போம். பொன்விழா நாளில் இம்மலரைப் புரட்டுவோர் நம்மை மதிப்பிடப்போவது, விழாவின் பொலிவைக் கொண்டன்று. தீர்க்கப்பட்ட குறைகளைக் கொண்டே.