ஸ்விட்ச்சில் ஒட்டிய பொட்டு: மின்வெட்டு வருஷங்களும் நம்ம வீட்டு வயரிங்கும்

(பேச்சு வடிவம் கெடாமல், சில இடங்களில் மட்டும் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்.)

இன்னைக்கு ஒரு ஸ்விட்ச் போர்டுல இருந்து ஆரம்பிக்கிறேன்.

தருமபுரி மாவட்டம் கடத்தூர்ல எங்க பழைய வீடு. ஹால்ல ஒரு போர்டு, அதுல ஆறு ஸ்விட்ச். இரண்டு ஸ்விட்ச்சுக்கு மேல மட்டும் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கும். அம்மா நெத்தியில வைக்கிற அதே பொட்டு. கரன்ட் போனா இருட்டுல டார்ச் அடிச்சுப் பார்த்து, பொட்டு இருக்கிற ஸ்விட்ச்சைத்தான் போடணும். அது இன்வெர்ட்டர் லைன். மத்தது வெறும் ஸ்விட்ச்.

உங்க வீட்டுலயும் இப்படி ஏதாவது அடையாளம் இருந்திருக்கும். நெயில் பாலிஷ் புள்ளி, ஸ்கெட்ச் பேனா கோடு, இல்லைன்னா வேற நிறத்துல ஸ்விட்ச். 2008-க்கும் 2014-க்கும் நடுவுல தமிழ்நாட்டு வீடுகள்ல எழுதப்பட்ட ஒரு வரலாறு இது. எந்த ஆவணக் காப்பகத்துலயும் கிடைக்காது, சுவருக்குள்ள ஒயரா ஓடிக்கிட்டு இருக்கு. அதைத்தான் இன்னைக்குப் படிச்சுப் பார்க்கப்போறோம்.

முதல்ல பின்னணி. எங்க பக்கத்துக்கு மின்சாரம் புதுசு இல்லீங்க. மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிஞ்சது. 1937-ல் அங்கே மின் உற்பத்தி தொடங்குச்சு. அப்போ மேட்டூரும் சேலம் மாவட்டம், கடத்தூரும் சேலம் மாவட்டம். தருமபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-ல்தான். 1957-ல் மின்சார வாரியம் வந்தது. அதுக்குப் பிறகு கிராமம் கிராமமா கம்பம் நட்டாங்க, கிணத்துக்கு மோட்டார் வந்தது. கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுபோனதுல தமிழ்நாடு நாட்டிலேயே முன்னணியில் இருந்த மாநிலம்.

அப்படிப்பட்ட மாநிலத்துல ஏன் இருட்டு வந்தது? தேவை ஏறின வேகத்துக்குப் புது மின் நிலையங்கள் வரலை. திட்டமிட்டதெல்லாம் தள்ளிப்போச்சு. 2008 நவம்பர் 1 முதல் பெரிய தொழிற்சாலைகளுக்கு 40 சதவீத மின்வெட்டு. பிறகு அது வீடுகளுக்கும் நீண்டுக்கிட்டே வந்தது. 2012-ல் பற்றாக்குறை சுமார் 4,000 மெகாவாட். காற்றாலை மின்சாரத்தில் அப்போ நாமதான் முதலிடம், ஆனா காற்று மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும்தான் நல்லா அடிக்கும். அது ஓய்ஞ்சதும் அக்டோபர், நவம்பர்ல நிலைமை இன்னும் மோசம். வெளி மாநிலத்துல இருந்து வாங்கலாம்னா கொண்டுவரப் போதுமான பாதை இல்லை.

இந்தப் பாதை விஷயம் முக்கியம். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவும் கிழக்கு இந்தியாவும் இருண்டு போச்சே, நினைவிருக்கா? 60 கோடி பேருக்கு மேல மின்சாரம் இல்லாம இருந்தாங்க. தெற்கு தப்பிச்சது. ஏன்னா தென் மாநில மின்தொகுப்பு அப்போ மத்த தொகுப்புகளோட நேரடியா இணைஞ்சிருக்கலை. அந்த இரண்டு நாள் நம்மைக் காப்பாத்தின அதே பிரிவுதான் மத்த நாட்கள்ல நம்மை இருட்டுல வச்சிருந்தது. ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியா தெற்கு தேசியத் தொகுப்போட இணைஞ்சது 2013 டிசம்பர் 31-ல்.

சரி, 4,000 மெகாவாட் இல்லைன்னா என்ன செய்வாங்க? யாருக்கு நிறுத்துறதுன்னு முடிவு பண்ணணும். 2012 பிப்ரவரி 27 முதல் அறிவிப்பு இப்படி: சென்னைக்கு 2 மணி நேரம் வெட்டு, மத்த மாவட்டங்களுக்கு 4 மணி நேரம். அது காகிதக் கணக்கு. அந்த வருஷக் கடைசியில் மாவட்டங்கள்ல 12 மணி நேரத்துக்கு மேலேயே போச்சு. ஒரு மணி நேரம் இருக்கும், அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. ராத்திரியும் அப்படித்தான்.

இதுக்குப் பேரு லோட் ஷெட்டிங். எல்லாருக்கும் கொடுக்க முடியாதப்போ, எந்தச் சுமையைக் கழட்டி விடுறதுன்னு முடிவு பண்றது. இன்வெர்ட்டர் வாங்கின ஒவ்வொரு வீடும், தனக்குத் தெரியாமலே, இதே வேலையை வீட்டுக்குள்ள செஞ்சது. நான் இன்னைக்குச் சொல்ல வந்தது இதுதான்.

எப்படின்னு பார்ப்போம். இன்வெர்ட்டர் பேட்டரியோட 12 வோல்ட்டை 230 வோல்ட்டா மாத்தித் தருது. கடைக்காரர் பெட்டியை வச்சிட்டுப் போயிடுவார். அதுக்குப் பிறகு வர்ற எலக்ட்ரீஷியன்தான் உண்மையான வேலையைச் செய்யணும். பழைய வீடுகள்ல ஒரே பேஸ் ஒயர் போர்டு போர்டா லூப் அடிச்சுப் போகும். அதை அப்படியே இன்வெர்ட்டர்ல கொடுத்தா மிக்ஸி, மோட்டார், அயர்ன்பாக்ஸ் எல்லாம் பேட்டரி தலையில ஏறும், பெட்டி கத்திட்டு நின்னுபோகும். அதனால இன்வெர்ட்டர்ல இருந்து புதுசா ஒரு ஒயர் இழுக்கணும். ஒவ்வொரு போர்டையும் கழட்டி, பழைய லூப்பை வெட்டி, தேர்ந்தெடுத்த ஸ்விட்ச்சை மட்டும் புது ஒயருக்கு மாத்தணும். இரண்டு பேஸும் எங்கேயும் ஒண்ணு மேல ஒண்ணு பட்டுடக் கூடாது. பட்டா இன்வெர்ட்டர் போயிடும்.

இதுல ஒரு பழைய பழக்கமும் செத்துப்போச்சு. மெயினை இறக்கிட்டா பயமில்லைன்னு நாம நம்பிக்கிட்டு இருந்தோம். இன்வெர்ட்டர் உள்ள வீட்டுல மெயினை இறக்கினா, கரன்ட் போச்சுன்னு நினைச்சு அது வேலையை ஆரம்பிச்சிடும். பொட்டு வச்ச ஸ்விட்ச்சுல கரன்ட் இருந்துக்கிட்டே இருக்கும். ஃபேன் கழட்டப் போறவங்க இன்வெர்ட்டரையும் நிறுத்தணும். இன்னைக்கும் இது பொருந்தும்.

எங்க வீட்டுக்கு எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தப்போ கேட்ட முதல் கேள்வி: “எது எது வேணும், சொல்லுங்க.” கேள்வி அப்பாகிட்ட. அப்பா சொன்னார்: ஹால் ஃபேன், ஹால் ட்யூப் லைட், டிவி, நடு ரூம் ஃபேன், லைட். முதல்ல பொட்டு அஞ்சு இருந்தது.

ஆனா இரண்டாவது நாள் மதியமே பெட்டி கத்த ஆரம்பிச்சது. பேட்டரி மோசம்னு நினைச்சோம். மோசம் பேட்டரியில இல்லை, கணக்குல. அந்தக் கணக்கை இப்போ போடுறேன், பொறுமையா கேளுங்க.

150 ஆம்பியர்-அவர் பேட்டரி. வீட்டு இன்வெர்ட்டர் அதுக்கு மணிக்கு 10 முதல் 15 ஆம்பியர் சார்ஜ் ஏத்தும். 15-ன்னே வச்சுக்குவோம். இழப்பு போக 13 தங்கும். இப்போ செலவு. இரண்டு ஃபேன், ஒரு ட்யூப் லைட், சேர்த்து 200 வாட். மாத்துறதுல வீணாகிறதையும் சேர்த்தா பேட்டரியில இருந்து 250 வாட் போகும். 12 வோல்ட்டால வகுத்தா சுமார் 21 ஆம்பியர். ஒரு மணி நேரம் 13 வரவு, அடுத்த மணி நேரம் 21 செலவு. ஒவ்வொரு சுற்றுக்கும் 8 கடன். ஒரு நாளைக்கு 12 சுற்று, 96 கடன். 150 எத்தனை நாள் தாங்கும்? இரண்டாவது நாள் மதியம்.

அப்போ எவ்வளவு செலவு பண்ணினா வரவும் செலவும் சமமாகும்? 125 வாட். அதாவது 75 வாட் ஃபேன் ஒண்ணு, சோக் சேர்த்து 50 வாட் ட்யூப் லைட் ஒண்ணு. அவ்வளவுதான். ஒரு மணி விட்டு ஒரு மணி மின்வெட்டுல, 15,000 ரூபாய்க்கு மேல கொட்டி வாங்கின சாதனத்தால நிரந்தரமா தாங்க முடிஞ்சது ஒரே ஒரு அறை.

அண்ணன் திரும்ப வந்தார். அஞ்சு பொட்டு இரண்டாச்சு. எந்த அறைன்னு ஒரு பஞ்சாயத்து நடந்தது. தம்பி ப்ளஸ் டூ, மார்ச்ல பரீட்சை. ஆயாவுக்கு மூச்சு வாங்கும், ஃபேன் இல்லாம படுக்க முடியாது. கடைசியில ஆயாவோட கட்டில் ஹாலுக்கு வந்தது. தம்பி அதே லைட்டுல படிச்சான். ஆயா முகத்துல துண்டைப் போட்டுக்கிட்டுத் தூங்கினாங்க. நாங்க எல்லாரும் ஹால்லயே படுத்தோம்.

இந்தப் பஞ்சாயத்துல பேச்சுக்கே வராத ஒரு அறை இருந்தது: சமையல்கட்டு. அம்மா கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. 2011 செப்டம்பர்ல அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் கொடுக்கத் தொடங்குச்சு. கருவி வீட்டுக்கு வந்த நேரத்துல அதை ஓட்ட மின்சாரம் இல்லை. ஃபேனாவது இன்வெர்ட்டர்ல ஓடும், 500 வாட்டுக்கு மேல இழுக்கிற மிக்ஸிக்கு அங்கே இடமே கிடையாது. அதனால அம்மா கரன்ட் நேரத்துக்குத் தன் நேரத்தை மாத்திக்கிட்டாங்க. ராத்திரி இரண்டு மணிக்குக் கரன்ட் வந்தா எழுந்து மாவு ஆட்டுவாங்க. எமர்ஜென்சி லைட்டை அலமாரியில சாய்ச்சு வச்சுக் குழம்பு வைப்பாங்க. பேட்டரி தாங்காத சுமையை அவங்க உடம்பு தாங்குச்சு.

வீட்டுக்கு வெளியேயும் இதே கணக்கு உண்டு. ஹால்ல 125 வாட் எரிய, கரன்ட் வந்ததும் இன்வெர்ட்டர் சார்ஜுக்கு 250 வாட்டுக்கு மேல இழுக்கும். அதாவது இரண்டு மடங்கு. ஏற்கெனவே பற்றாத மின்சாரத்துல இருந்துதான் அதுவும் போகுது. அப்போ இன்வெர்ட்டர் இல்லாத வீடு? 2012-ல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நாள் கூலி 132 ரூபாய். நூறு நாளும் முழுசா வேலை கிடைச்சாலும் 13,200. ஒரு வருஷக் கூலியில ஒரு இன்வெர்ட்டர் வராது. எங்க தெருவுல பரீட்சைக்குப் படிச்ச பிள்ளைகள் எத்தனையோ பேர் மண்ணெண்ணெய் விளக்குலதான் படிச்சாங்க. சிலர் எங்க திண்ணைக்கு வருவாங்க, ஹால் ஜன்னல் வெளிச்சத்துக்கு.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. 1990-ல் போர் மறுபடி மூண்ட பிறகு யாழ்ப்பாணத்துல வருஷக்கணக்கா மின்சாரம் கிடையாது. பேட்டரிக்கும் தடை. அங்கே சைக்கிளைத் தலைகீழா நிறுத்தி, பெடலைச் சுத்தி, டைனமோவுல ரேடியோ கேட்டாங்க. அவங்க கையில இருந்த சில வாட்டுக்கு அவங்க தேர்ந்தெடுத்த சுமை செய்திதான். 2022 மார்ச் கடைசியில், எரிபொருள் வாங்க டாலர் இல்லாம, இலங்கை முழுக்க ஒரு நாளைக்கு 13 மணி நேர வெட்டு வந்தப்போ, பழசை அனுபவிச்சவங்களுக்கு அது புதுசா இருந்திருக்காது.

நம்ம பக்கம் என்னாச்சு? மேட்டூர்ல 600 மெகாவாட் புது அலகு, கூடங்குளம், தேசியத் தொகுப்பு இணைப்பு எல்லாம் 2013-ல் வந்து சேர்ந்தது. 2014 ஜூன் 1 முதல் மின்வெட்டு நீக்கம்னு அரசு அறிவிச்சது. பெட்டிகள் மூலைக்குப் போச்சு. டிஸ்டில்டு வாட்டர் ஊத்த மறந்து பல பேட்டரி காய்ஞ்சே செத்தது.

இப்போ கோடையில, மழையில, பராமரிப்பு நாள்ல மட்டும் கரன்ட் போகுது. போன வருஷம் வீட்டுக்கு மறுபடி வயரிங் பண்ணினோம். இப்போ எல்.இ.டி. பல்பு 9 வாட். பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். மூணு ஃபேன், மூணு பல்பு போட்டாலும் 117 வாட்தான். அன்னைக்கு ஒரு அறைக்கு மட்டுமே போதின அதே கணக்குல இன்னைக்கு மூணு அறை அடங்குது.

எலக்ட்ரீஷியன் பழைய போர்டைக் கழட்டினப்போ, இன்வெர்ட்டரோட மஞ்சள் ஒயர் ஹால்லயே முடிஞ்சு நின்னது. சமையல்கட்டுச் சுவர் வரைக்கும் வந்து, டேப் சுத்தி விட்டிருந்தாங்க. இன்னும் எட்டு அடி இழுத்திருந்தா போதும். ஒரு பல்பு எரிஞ்சிருக்கும். 125 வாட் கணக்குல அன்னைக்கும் 11 வாட் சி.எஃப்.எல். ஒண்ணைத் திணிச்சிருக்கலாம், ட்யூப் லைட்டை மாத்தியிருந்தா மிச்சமே வந்திருக்கும். அது மின்சாரத்தோட பற்றாக்குறை இல்லை. நாங்க யோசிக்கலை.

இந்தத் தடவை எலக்ட்ரீஷியன் தம்பி அதே கேள்வியைக் கேட்டப்போ, அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா விரலை நீட்டினது அடுப்புக்கு மேல இருக்கிற பல்பைத்தான். இப்போ அந்த ஸ்விட்ச்சுலயும் ஒரு பொட்டு இருக்கு.

ஒரு சின்ன வேலை கொடுக்கிறேன், நேயர்களே. இன்னைக்கு ராத்திரி இன்வெர்ட்டர்ல எந்தெந்த ஸ்விட்ச் ஓடுதுன்னு வீட்டுல எண்ணிப் பாருங்க. யார் உட்கார்ற இடத்துக்கு வெளிச்சம் இருக்கு, யார் நிக்கிற இடத்துக்கு இல்லைன்னு பாருங்க. மாத்தணும்னு தோணினா எட்டு அடி ஒயர்தான் செலவு, தெரிஞ்ச எலக்ட்ரீஷியனை வச்சு மாத்துங்க.

அடுத்த பகுதியில சந்திப்போம்.