ரியோ கிளாரோவின் கலப்பு விதை: தைல மரக் குளோன்களின் தோற்றம்

பிரேசிலின் தைல மரத் தோப்புகளில் இன்று வரிசை முழுவதும் ஒரே உயரம், ஒரே பருமன். இந்த ஒருமைக்கு மூலம், யாரும் திட்டமிடாத ஒரு விதைக் கலப்படம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சாவ் பாவ்லோ மாநிலத்தின் பவுலிஸ்டா ரயில் கம்பெனிக்கு எஞ்சின்களுக்கான விறகு தேவைப்பட்டது. அதற்காக 1904 முதல் தைல மரம் வளர்த்த எட்முண்டோ நவாரோ டி ஆண்ட்ராடே, பின்னர் ரியோ கிளாரோவில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களை அருகருகே நட்டார். தாயகத்தில் கடலும் தொலைவும் பிரித்துவைத்திருந்த இனங்கள் இங்கே ஒரே தேனீ பறந்து சேரும் தூரத்தில் நின்றன. ஜாவாவின் போகோர் தோட்டத்திலிருந்து 'ஆல்பா' என்ற பெயரில் வந்த இனமும் அவற்றுள் ஒன்று. உண்மையில் அது திமோர்ப் பகுதித் தீவுகளுக்கு உரிய யூரோஃபில்லா, 1977இல்தான் எஸ். டி. பிளேக் அதற்கு அப்பெயரை இட்டார். தவறான பெயரோடும் கலந்த மகரந்தத்தோடும் விளைந்த இந்த விதையே நாட்டின் பல தோப்புகளுக்குப் போனது.

இரு இனங்கள் கலந்த முதல் தலைமுறை பல நேரங்களில் ஓங்கி வளரும். அதன் விதையை எடுத்து விதைத்தால் மரபணுக்கள் பலவாறாகப் பிரிந்து சேர்ந்து, ஒரே பாத்தியில் நெட்டையும் குட்டையும் முளைக்கும். எஸ்பிரிட்டோ சான்டோ மாநிலத்தில் 1967இல் நடவைத் தொடங்கிய அரக்ரூஸ் நிறுவனத்தின் தோப்புகள் அப்படித்தான் இருந்தன. வெப்பமும் ஈரமும் மிகுந்த அக்கடற்கரையில் 1970களின் தொடக்கத்தில் பட்டைச் சொறி நோய் பரவியது. அங்கே நின்ற கிராண்டிஸ் என்ற தைல மர இனம் பெருமளவில் பட்டுப்போனது. தப்பி நின்றவற்றில் பல, யூரோஃபில்லா கலந்தவை. தேர்வின் முதல் சுற்றை நோயே நடத்திவிட்டது.

தப்பியவற்றை அப்படியே பெருக்குவது எளிதாக இல்லை. முதிர்ந்த மரத்தின் கிளைக்குச்சி வேர்விடாது. மரத்தை அடியோடு வெட்டி, கட்டையில் எழும் மறுதாம்புத் துளிரை நட்டபோதுதான் வேர் வந்தது. அடிமரத்துத் திசு இளமைத் தன்மையை இழப்பதில்லை. காங்கோவின் புவாந்த் நுவாரில் பிரெஞ்சு வனவியலாளர்கள் 1978இலேயே இம்முறையில் பெருநடவுக்கு வந்துவிட்டனர். அரக்ரூஸ் அதை எட்டியது 1979இல். இப்பணிக்கான 1984இன் வாலன்பெர்க் பரிசு, யாரா இகெமோரி, எட்கார்ட் கம்பின்யோஸ் உள்ளிட்ட அரக்ரூஸின் நால்வருக்குப் போனது. காங்கோவின் பங்கு இன்றும் குறைத்தே பேசப்படுவது நியாயமல்ல.

தாய்மரம் ஓங்கியிருந்ததற்கு அது நின்ற மண்ணும் காரணமாயிருக்கலாம். ஒரே மரத்திலிருந்து பெருக்கிய நகல்களை, அதாவது ஒரு குளோனின் கன்றுகளை, பல நிலங்களில் நட்டு ஒப்பிட்டால்தான் மரபின் பங்கு தனியே தெரியும். இச்சோதனையில் கழிக்கப்பட்டவையே அதிகம். ஆனால் தேறிய சிலவற்றை மட்டும் பரப்பும்போது, ஒரு குளோனைத் தாக்கும் பூச்சி தோப்பு முழுவதையும் தாக்கும். பத்ராசலத்தில் 1989இல் தொடங்கிய குளோன் திட்டத்தின் வழியே இம்முறை தென்னிந்தியாவில் வேரூன்றியது. 2000க்குப் பின், இலைக்காம்பில் முடிச்சு உண்டாக்கும் லெப்டோசைபி குளவி இங்கே பரவியபோது, சில குளோன்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன, சில தாங்கின. பிரேசிலின் துரு நோயிலும் இதே வேறுபாடு தெரிந்தது. எதிர்ப்புத் தரும் ஒரு மரபிடத்தை 2003இல் கிராண்டிஸில் கண்டறிந்தனர்.

கலப்பு ஏன் ஓங்குகிறது என்பதற்கான ஒரு குறிப்பு, 2014இல் கிராண்டிஸின் முழு மரபணுத்தொகுதி வெளியானபோது கிடைத்தது. வரிசைப்படுத்தலை எளிதாக்க, தன்மகரந்தச் சேர்க்கையில் பிறந்த ஒரு மரத்தைத் தேர்ந்திருந்தனர். அவ்வாறு பிறக்கும் சந்ததியில் இணை மரபணுக்களுக்கிடையிலான வேறுபாடு பாதியாகக் குறைய வேண்டும். அதன் உடன்பிறப்புகளை ஆராய்ந்தபோது, எதிர்பார்த்ததைவிட அதிக வேறுபாடு எஞ்சியிருந்தது. ஒரேமாதிரி இணைகளை மிகுதியாகப் பெற்ற நாற்றுகள் வளராமலே மடிந்திருக்க வேண்டும்.