உலைக்களமும் உரிமையும்

சுரண்டை போன்ற உழவூர்களில் கொழு காய்ச்சித் தட்டிய கொல்லனின் உலைக்களமே அந்நாளைய தொழிற்பள்ளி. ஆசான் தந்தை, மாணவன் மகன்! வேறு குலத்தான் சம்மட்டி எடுக்க நினைத்தானா? நினைக்க விட்டார்களா?

1953-இல் இராசாசி ஆட்சி, நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளியை நாளுக்கு மூன்று மணி நேரமாகச் சுருக்கி, மீதிப் பொழுதில் பெற்றோர் தொழிலைப் பயிலச் சொன்னது. குலக்கல்வி என்று கொதித்தெழுந்தது தமிழகம். 1954-இல் காமராசர் ஆட்சி அதனைக் கைவிட்டது.

1961-இல் தொழிற்பழகுநர் சட்டம் வந்தது. பிறப்புக் கேளாமல் பிட்டராகவோ வெல்டராகவோ பழகலாம், உதவித்தொகையும் உண்டு. தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் தனி இடம் கிடைக்கவோ 1973 ஆயிற்று!

ஆயினும் 18-ஆம் பிரிவைப் படித்துப் பார்க்கிறோம்: பழகுநர் பயிற்சி பெறுபவரே, தொழிலாளி அல்லர், தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவருக்குப் பொருந்தா. பட்டறையில் கை நசுங்கினால் இழப்பீடு உண்டாம். அந்தக் கையைத் தொழிலாளியின் கை என்று சொல்லத்தான் சட்டத்துக்கு மனம் வரவில்லை.