அபார்ட்மென்ட்டில் நாய் வளர்க்க ஆசையா? சென்னை வெயிலுக்கு எது செட் ஆகும்?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு ஃபிளாட்டுகளில் நாய் வாங்க நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது சைஸைத்தான். உண்மையில் பார்க்க வேண்டியது சென்னை வெயிலை.

பக், ஷிட்ஸு போன்ற சப்பை மூக்கு நாய்கள் ஃபிளாட்டுக்கு அளவானவைதான். ஆனால் நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். மூச்சுப்பாதையே குறுகலான இந்த நாய்கள் மே மாத வெக்கையில் திணறிப்போகும், உயிருக்கே ஆபத்தாகலாம். ஹஸ்கி? பனிப்பிரதேச நாய். ரீல்ஸ் பார்த்து வாங்கி, ஏசி ரூமில் அடைப்பது பாவம்ங்க.

நம்மூர் இனம்தானே என்று சிப்பிப்பாறை, ராஜபாளையம் வாங்குபவர்களும் யோசிக்கணும். வெயில் தாங்கும்; ஆனால் வேட்டை நாய்களுக்கு ஓட இடம் வேணும். பால்கனி பத்தாது.

அப்போ எது? நாட்டு நாய்தான். குட்டை முடி, இந்த வெயிலுக்குப் பழகிய உடம்பு. கிண்டி ப்ளூ கிராஸில் தத்தெடுக்கலாம். வெயில் ஏறும் முன்பும், இறங்கிய பிறகும் தினமும் வாக்கிங் கூட்டிப்போங்க. இல்லையென்றால் நாள் முழுக்கக் குரைக்கும், பக்கத்து வீட்டோடு சண்டைதான்.

அசோசியேஷன் தடுத்தால்? நாய் வளர்க்கவோ, லிஃப்டில் ஏற்றவோ தடை போட முடியாது என்கிறது இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல். அதேநேரம் ரேபிஸ் தடுப்பூசியும் மாநகராட்சி லைசென்ஸும் கட்டாயம். லைசென்ஸுக்கு ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம்; தடுப்பூசி சர்டிஃபிகேட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.