குடிசைத் தீயும் மறுகட்டுமானமும்

தீயில் அழிந்த ஓலைக் குடியிருப்புகளையும், எந்நேரமும் தீப்பற்றக்கூடியவற்றையும் அகற்றிவிட்டு, காங்கிரீட் வீடுகளை அடுக்கடுக்காகக் கட்டித்தரும் முறை தமிழ்நாட்டில் அரை நூற்றாண்டாக இருந்துவருகிறது. இங்கே நகரத்தை எரிப்பது காட்டுத்தீ அல்ல, கூரைத்தீ.

தென்னங்கீற்று வேய்ந்த குடிசையில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்போ மின்கசிவோ போதும். கோடைக் காற்றில் பறக்கும் பொறி அடுத்த கூரையில் விழும். ஓலைக்குள் மூங்கில் வெடிக்கும். எரிவாயு உருளை இருந்தால் அதுவும் வெடிக்கும். சந்துக்குள் தீயணைப்பு வண்டி நுழையாது. எரியாத வீடுகளின் கீற்றைப் பிய்த்தெறிந்து நடுவே வெற்றிடம் உண்டாக்குவதுதான் குடியிருப்போர் கைக்கொள்ளும் முதல் தற்காப்பு. மறுநாள் பணம், அரிசி, வேட்டி, சேலை வரும். பழைய இடத்திலேயே மீண்டும் கீற்று ஏறும்.

இந்தச் சுழலை உடைக்க 1970இல் மு. கருணாநிதி அரசு குடிசை மாற்று வாரியத்தை அமைத்தது (2021 முதல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்). 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17. அறிவிக்கப்பட்ட பகுதியில் குடியிருப்போரை உரிய அனுமதியின்றி வெளியேற்ற முடியாது என்பது அச்சட்டத்தின் உண்மையான வலிமை. வாரியம் அப்போது கட்டிய மூன்று, நான்கு மாடிக் குடியிருப்புகளின் வீடுகள் பெரும்பாலும் 250 சதுர அடிக்கும் குறைந்தவை. இடம் போதாதுதான், ஆனால் பிழைப்பு இருந்த இடத்திலேயே வீடும் இருந்தது. 2000க்குப் பின் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என ஊருக்கு வெளியே பல்லாயிரம் வீடுகள் எழுந்தபோது அந்த அனுகூலம் போயிற்று. தீப்பயம் விட்டது, பேருந்துச் செலவு தொற்றியது.

காங்கிரீட்டுக்கும் ஆயுள் உண்டு. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட வாரியக் கட்டடம் இடிந்தது. விரிசலைக் கண்டவர்கள் முன்னதாகவே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. அதே ஆண்டு புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் பழையதை இடித்துக் கட்டிய ஒன்பது மாடிக் குடியிருப்பில் சுவர்ப்பூச்சு கைபட்டதும் உதிர்ந்தது; ஐ.ஐ.டி. மெட்ராஸ் வல்லுநர்கள் ஆய்வு செய்தனர். இப்போது பழைய வாரியக் குடியிருப்புகள் இருந்த இடத்திலேயே சுமார் 400 சதுர அடி வீடுகளாக மறுபடி கட்டப்படுகின்றன. உயரம் கூடக் கூட தண்ணீர்த் தொட்டி, அடைபடாத மாடிப்படி ஆகியவையே தீப்பாதுகாப்பு. அவற்றைப் பராமரிக்க ஆளும் பணமும் வேண்டும்; கட்டும்போது இருக்கும் அக்கறை இதில் இருப்பதில்லை.

எரிந்த இடத்தில் நெருக்கி வீடு கட்டுவதில் அமெரிக்காவில் வாதம் தலைகீழ். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத் தீயில் 16,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. எரிந்த மனையில் கூடுதல் வீடுகள் கட்டினால் அடுத்த தீயின்போது சாலையில் தப்பிச்செல்ல வழியிராது என்று, எரிந்த பகுதிகளில் ஒன்றான பசிபிக் பாலிசேட்ஸ் குடியிருப்போர் எதிர்த்தனர். மனையைப் பிரித்துக் கட்ட இடமளிக்கும் சட்டத்தை எரிந்த பகுதிகளில் கட்டுப்படுத்த உள்ளாட்சிகளுக்குக் கலிபோர்னியா ஆளுநர் அந்த ஜூலையில் அனுமதி தந்தார்.

தமிழ்நாட்டுக்குத் திரும்பினால், சென்னையின் நெரிசலைக் குறைக்கத் திட்டமிட்ட துணைநகரான மறைமலை நகரைச் சுற்றிய ஊராட்சிகளில் பொருந்துவது 2024இல் அறிவிக்கப்பட்ட ‘கலைஞரின் கனவு இல்லம்’ என்னும் அரசு வீட்டுத் திட்டம். 2030க்குள் ஊரகத் தமிழ்நாட்டில் 8 லட்சம் காங்கிரீட் வீடுகள் இலக்கு. ஒரு வீட்டுக்கு ரூ.3.5 லட்சம். 360 சதுர அடியில் 300க்குக் காங்கிரீட் தளம் கட்டாயம். மீதி 60க்கும் தீப்பிடிக்காத கூரைதான் வேண்டும், ஓலை கூடாது. இத்திட்டம் ஊரகத்துக்கு மட்டும் என்பதால் நகராட்சி எல்லைக்குள் உள்ள குடிசை இதில் சேராது. அங்கே தாமே வீடு கட்டுவோருக்கு நகர்ப்புறப் பிரதமர் வீட்டுவசதித் திட்ட மானியம் உண்டு. இரண்டிலும் முதலில் கேட்கப்படுவது பட்டா. புறம்போக்கில் இருப்பவரிடம் அது கிடையாது.