தீக்குச்சியும் வால்வு டியூப்பும்

சைக்கிள் டியூபுக்குள் போன காற்று திரும்பி வராமல் பார்த்துக்கொள்வது, வால்வின் மேல் மாட்டியிருக்கும் மெல்லிய ரப்பர் குழாய். வடிவியல் சொல்லித்தரும் மிக மலிவான கருவி ஒன்று அந்த வால்வு டியூப்பிலிருந்துதான் பிறந்தது.

1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 16 நடுநிலைப் பள்ளிகளில் ஒரு முயற்சி தொடங்கியது. அறிவியலை மனப்பாடம் செய்யாமல், பிள்ளைகள் தாங்களே செய்துபார்த்துக் கற்க வேண்டும். நல்ல எண்ணம்தான், கிராமத்துப் பள்ளியில் ஆய்வகத்துக்கு எங்கே போவது?

1978-இல் அரவிந்த் குப்தா அங்கே வந்தார். கான்பூர் ஐஐடியில் படித்தவர். புனேயில் டெல்கோ நிறுவனத்தில் பார்த்த பொறியாளர் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்திருந்தார். வாரச்சந்தையில் கிடைத்த சில்லறைச் சாமான்களை வாங்கிவந்து, இவற்றை வைத்து என்ன செய்யலாம் என்று பார்த்தார். அவற்றில் வால்வு டியூப்பும் இருந்தது. சிறு துண்டாக நறுக்கி, இருபுறமும் தீக்குச்சியைச் செருகினால் கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. வளைத்தால் குறுங்கோணம், செங்கோணம், விரிகோணம் எல்லாம் வந்தன. துண்டின் நடுவில் ஊசியால் துளையிட்டு இன்னொரு குச்சியைச் செருகினால், மூன்று குச்சிகள் சேரும் இணைப்பு.

ரப்பர் இணைப்பு வளையக்கூடியது. பாடத்துக்கு உதவியதும் அதுவே. சதுரம் செய்து ஒரு முனையை அழுத்தினால் சாய்சதுரமாகச் சரியும்; ஐங்கோணம் நெளியும்; முக்கோணம் மட்டும் அசையாது. பாலத்துக்கும் கூரைக்கும் மின்கோபுரத்துக்கும் ஏன் முக்கோணங்களாக வைத்துக் கட்டுகிறார்கள் என்பது பிள்ளையின் விரலுக்கே தெரிந்துவிடும். ஆறு குச்சிகள், நான்கு இணைப்புகளில் நான்முகி எழும். அதுவும் உறுதியாக நிற்கும். பன்னிரண்டு குச்சிகளில் செய்த கனசதுரமோ ஆடும். அதை நிறுத்த முகத்துக்கு ஒன்றாக ஆறு மூலைவிட்டங்கள் வேண்டும். அவற்றுக்குத் தீக்குச்சியின் நீளம் போதாது; எவ்வளவு நீளம் வேண்டும் என்று அளக்கும்போதே அடுத்த கணக்கு தொடங்கிவிடுகிறது.

இவற்றைத் தொகுத்த குப்தாவின் முதல் புத்தகம் 12 இந்திய மொழிகளில் வந்து, ஐந்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. ஹோஷங்காபாத் திட்டத்தை மாநில அரசு 2002-இல் நிறுத்திவிட்டது. தீக்குச்சிக் கணக்குக்கு அரசாணை தேவைப்படவில்லை. ஒரு தீப்பெட்டியும் ஒரு முழம் வால்வு டியூப்பும் இருந்தால் எந்த ஆசிரியரும் நாளைக்கே வகுப்பில் தொடங்கலாம்.